திருவேங்கடம் வட்டமும் தென்காசி மாவட்ட எல்லைகளும்

தென்காசி மாவட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று செயல்படத் தொடங்கியது. பரப்பு 2,916 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி இப்பகுதியின் மக்கள்தொகை 14,07,627. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், ஆலங்குளம், சங்கரன்கோவில், திருவேங்கடம் என எட்டு வட்டங்கள் இதில் அடங்கும். மேற்கே கேரளத்தின் கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்கள், வடக்கே விருதுநகர், கிழக்கே தூத்துக்குடி, தெற்கே தாய் மாவட்டமான திருநெல்வேலி. எட்டு வட்டங்களில் திருவேங்கடம் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. அதன் ஒருபுறம் விருதுநகர் மாவட்டம், மறுபுறம் தூத்துக்குடி மாவட்டம். மாவட்டத் தலைநகரம் 60 கிலோமீட்டருக்கும் அப்பால். எல்லை என்றால் என்ன, அது எதனால் நகர்கிறது, எதனால் நகராமல் நிற்கிறது என்று பார்ப்பதற்கு இந்த மூலையைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் வேறில்லை.

மாவட்டத்தின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே தாழ்ந்து ஆரியங்காவு கணவாயாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுவதும், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அந்த ஒரே திறப்பின் தயவு. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் சேர்கிறது. மலையடிவாரத்தில் வரிசையாக ஐந்து அணைகள்: கடனாநதி, இராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார். முழுக் கொள்ளளவில் அடவிநயினாரின் நீர்மட்டம் 132 அடி. குண்டாற்றுக்கு 36 அடிதான். சாரல் நன்றாகப் பிடித்துவிட்டால் குண்டாறு சீக்கிரமே மறுகால் பாய்ந்துவிடும். ‘குண்டாறு அணை நிரம்பியது’ என்ற நாளிதழ்ச் செய்தி தென்காசிக்காரர்களுக்குப் பருவம் வந்ததன் அறிவிப்பு.

அந்தச் செய்தி திருவேங்கடத்துக்குப் பொருந்தாது. குற்றாலத்தில் அருவி கொட்டும் நாட்களில் இங்கே வீசுவது வறண்ட காற்று. புழுதியைக் கிளப்பும், மழையைத் தராது. மலையைத் தாண்டி வரும் மேகம் அடிவாரத்திலேயே தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவிடுகிறது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் வெள்ளாமை. மண் கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் களியாகி, மாட்டின் குளம்போடும் டிராக்டர் சக்கரத்தோடும் ஒட்டிக்கொண்டு வரும். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசி, மிளகாய் ஆகியவை மானாவாரிப் பயிர்கள். கிணற்றுத் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் மற்றவை. மேற்கே நெல்லும் தென்னையும், கிழக்கே பருத்தியும் பாசியும் என்று ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு விவசாயப் பஞ்சாங்கங்கள் ஓடுகின்றன.

தண்ணீர் ஓடும் திசையும் அப்படித்தான். மாவட்டத்தின் தென்பாதி சிற்றாற்றின் வழியாகவும் கடனாநதியின் வழியாகவும் தாமிரபரணிக்கு வடிகிறது. வடபாதியான சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், திருவேங்கடம் பகுதிகளின் ஓடைகள் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலை ஒட்டி ஓடும் நிட்சேப நதியும் வைப்பாற்றைத் தேடித்தான் போகிறது. வைப்பாறு விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாகச் சென்று தூத்துக்குடி மாவட்டக் கரையில் கடலில் கலக்கிறது. ஆக, திருவேங்கடத்தில் பெய்யும் மழை தென்காசியின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆற்றுப் படுகையை அளவுகோலாகக் கொண்டு மாவட்டம் பிரிப்பதாக இருந்தால் இந்த வட்டம் சாத்தூரோடும் சிவகாசியோடும் சேர்ந்திருக்கும். மாவட்டங்கள் அப்படிப் பிரிக்கப்படவில்லை.

பிரிவினையின் கணக்கு வட்டக் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி 1790-ல் அமைத்த திருநெல்வேலி மாவட்டம் இன்றைய தூத்துக்குடியையும் விருதுநகரின் ஒரு பகுதியையும் உள்ளடக்கியிருந்தது. பின்னாளில் அதிலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டியெடுக்கப்பட்டது. 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலியை விட்டுப் போயின. அந்தப் பகுதி 1985-ல் இராமநாதபுரத்திலிருந்தும் பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டமாயிற்று. 1986 அக்டோபர் 20 அன்று சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் தூத்துக்குடி மாவட்டம் பிறந்தது. கோவில்பட்டி அங்கே போயிற்று. இத்தனை வெட்டிலும் சங்கரன்கோவில் வட்டம் திருநெல்வேலியிலேயே நின்றது. அதன் கிழக்கு ஓரத்தில் இருந்த திருவேங்கடமும் கூடவே நின்றது. 1910-ல் வடக்கே ஒரு மாவட்டக் கோடு, 1986-ல் கிழக்கே ஒரு மாவட்டக் கோடு, 2019-ல் தெற்கே பாளையங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே இன்னொன்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மூலை மட்டும் அதைத் தேடி வந்தது.

வட்டம் ஏன் உடையாமல் போகிறது என்பதற்கு விடை பதிவேட்டில் இருக்கிறது. நிலத்தின் ‘ஏ’ பதிவேடு, சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் கிராமவாரியாக அடுக்கப்பட்டு, வட்ட அலுவலகத்தில் பேணப்படுகின்றன. வருவாய்க் கிராமங்கள் சேர்ந்து குறுவட்டம். பழைய ஆட்கள் அதைப் பிர்க்கா என்பார்கள். குறுவட்டங்கள் சேர்ந்து வட்டம். வட்டங்கள் சேர்ந்து கோட்டம். கோட்டங்கள் சேர்ந்து மாவட்டம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று ஒரு மனு ஏறிப்போகும் படிகளும் இவைதான். முழு வட்டத்தை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பீரோக்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம்; பலகையில் மாவட்டத்தின் பெயரை மாற்றினால் போதும். வட்டத்தைப் பிளந்தால் ஒவ்வொரு கட்டையும் பிரிக்க வேண்டும். ஆகவே நிர்வாகம் வட்டத்தை முழுசாகத் தூக்கி வைக்கவே விரும்புகிறது. அந்த வட்டத்தின் வடிவமோ பெரும்பாலும் அதற்கும் முந்தைய பாளையங்கள், ஜமீன்களின் நில அமைப்பிலிருந்து வந்தது. சிவகிரி, ஊற்றுமலை, குருவிகுளம், இளையரசனேந்தல் என ஜமீன் ஊர்களின் பெயர்களே இன்றும் வட்டமாகவும் ஒன்றியமாகவும் குறுவட்டமாகவும் தொடர்கின்றன.

வட்டத்தைப் பிளந்து எல்லை போட்டதற்கு மாவட்டத்தின் மறுகோடியில் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. செங்கோட்டை 1956 வரை தமிழ்நாட்டில் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்கும் உட்பட்டிருந்தது. 1911-ல் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் சொந்த ஊர், பிரிட்டிஷ் மாவட்ட எல்லைக்கு வெளியே, ஒரு சமஸ்தானத்துக்குள் இருந்தது என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி. மாநில மறுசீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1 அன்று, செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனால் முழு வட்டமும் வரவில்லை. கிழக்குச் சமவெளி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர, ஆரியங்காவு உள்ளிட்ட மேற்கு மலைப்பகுதி கேரளத்தில் நின்றது. பாலருவி அந்தப் பக்கம் நின்றது; குற்றாலம் முன்பிருந்தே இந்தப் பக்கம். 1904-ல் மலையைக் குடைந்து போடப்பட்ட செங்கோட்டை–புனலூர் ரயில்பாதை இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாயிற்று. அதன் புகழ்பெற்ற பதின்மூன்று கண் பாலம் கேரளத்தில் இருக்கிறது. புளியரைக்கு மேலே கோட்டைவாசலில் பலகையின் எழுத்து தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறுகிறது, காடு மாறுவதில்லை.

மலை முகட்டை ஒட்டிய எல்லை பார்வைக்கு இயற்கையானதாகத் தெரியும். தண்ணீர்க் கணக்கில் அது அவ்வளவு சுத்தமல்ல. சிவகிரி, வாசுதேவநல்லூர் பகுதிக் கண்மாய்களுக்குத் தண்ணீர் திருப்பிவிட்ட பழைய செண்பகவல்லி அணைக்கட்டு இருப்பது கேரள வனப்பகுதியில். அது உடைந்துபோனபின், சரிசெய்யக் கோரி இந்தப் பக்கத்து விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். தண்ணீர் வேண்டியவர்கள் ஒரு மாநிலத்தில், கல் பெயர்ந்த இடம் இன்னொரு மாநிலத்தில். ஒரு கொத்தனாரை அனுப்பும் வேலை இரு அரசுகளின் கடிதப் போக்குவரத்தாகிவிடுகிறது.

வட்டத்தைப் பிளந்த எல்லைக்குத் திருவேங்கடத்தின் பக்கத்திலேயே சிறிய உதாரணம் ஒன்று இருக்கிறது. உண்மையில் சிக்கல் அதிகமானதும் இதுதான். இளையரசனேந்தல் குறுவட்டம் பழைய சங்கரன்கோவில் வட்டத்தின் கிழக்கு ஓரம். இளையரசனேந்தல், அப்பனேரி, அய்யனேரி முதலான ஊர்களுக்குக் கோவில்பட்டி கூப்பிடு தூரம். திருநெல்வேலியும் தென்காசியும் தொலைவு. ஆகவே வருவாய் நிர்வாகத்தில் அந்தக் குறுவட்டம் சங்கரன்கோவிலிலிருந்து பிரிக்கப்பட்டு, தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஊராட்சி நிர்வாகம் அதோடு நகரவில்லை. அங்குள்ள 12 கிராம ஊராட்சிகள் குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019-ல் குருவிகுளம் ஒன்றியம் தென்காசி மாவட்டத்துக்கு வந்தபோது இந்த ஊர்களும் பாதி உடம்போடு கூட வந்தன.

விளைவை ஒரு குடும்பத்தின் கண்ணோடு பார்த்தால் புரியும். அப்பா பெயரிலுள்ள பட்டாவை மாற்ற வேண்டுமா, கோவில்பட்டி தாசில்தார், மாவட்டம் தூத்துக்குடி. வாரிசுச் சான்று, சாதிச் சான்று எல்லாம் அதே வழி. தெருவில் குழாய் வரவில்லையா, நூறு நாள் வேலைச் சம்பளம் நிற்கிறதா, வீடு கட்டும் திட்டத்தில் பெயர் சேர வேண்டுமா, அப்போது குருவிகுளம் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.); மாவட்டம் தென்காசி. ஒரே மனிதருக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆட்சியர்கள். திட்டப் படிவத்தில் மாவட்டம், வட்டம், ஒன்றியம் என்று மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும். இவர்கள் உண்மையை நிரப்பினால் அந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது. இந்த 12 ஊராட்சிகளையும் கோவில்பட்டி ஒன்றியத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை, தென்காசி மாவட்டம் உருவான பின்னும் மனுவாகவும் ஆர்ப்பாட்டமாகவும் தொடர்ந்தது. மக்களின் வசதிக்காக எல்லையை மாற்றியது சரி; ஒரு துறையின் எல்லையை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டதுதான் பிழை.

இது நேர்வதற்குக் காரணம், ‘எல்லை’ என்று ஒருமையில் சொன்னாலும் ஓர் ஊரின்மேல் பல கோடுகள் கிடப்பதுதான். வருவாய்க் கோடு ஒன்று, ஊரக வளர்ச்சிக் கோடு ஒன்று. திருவேங்கடம் வட்டத்துக்குத் தாசில்தார் அமர்வது திருவேங்கடத்தில். சுற்றுக் கிராமங்களின் ஒன்றிய அலுவலகம் குருவிகுளத்தில். திருவேங்கடம் ஊரோ பேரூராட்சியாதலால் ஒன்றியத்துக்கு வெளியே. அரசியல் தலைவர் வைகோவின் சொந்த ஊராக வெளியில் அறியப்படும் கலிங்கப்பட்டி குருவிகுளம் ஒன்றியத்துக் கிராமம். மாவட்டத்தில் வட்டங்கள் எட்டு, ஒன்றியங்கள் பத்து. எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை என்றால் கோடுகள் எப்படி ஒத்துப்போகும்?

தேர்தல் கோடு இன்னும் சுதந்திரமானது. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை, மாவட்ட எல்லைகளை மதித்தும் மதிக்காமலும் நடந்தது. தென்காசி மக்களவைத் தொகுதியில் தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் ஆகியவற்றோடு விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. தென்காசி மாவட்டத்தின் ஐந்தாவது சட்டமன்றத் தொகுதியான ஆலங்குளம் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. 1910-ல் திருநெல்வேலியைவிட்டுப் போன ஸ்ரீவில்லிபுத்தூர், நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும் பழைய பக்கத்துவீட்டுக்காரர்களோடு வந்து நிற்கிறது.

அஞ்சல் துறை 2019-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. தென்காசி மாவட்ட ஊர்களின் அஞ்சல் குறியீடு இன்றும் திருநெல்வேலிக்குரிய 627-ல்தான் தொடங்குகிறது. கோவில்பட்டி 628, சிவகாசி 626. திருவேங்கடம் சந்தைக்கு மூன்று குறியீட்டு ஊர்களிலிருந்தும் ஆள் வரலாம். வண்டிகளின் எண் பலகை வேறொரு வரைபடம்: தென்காசிக்கு டிஎன் 76, சங்கரன்கோவிலுக்கு டிஎன் 79. மாவட்டம் பிறப்பதற்கு முன்பே சங்கரன்கோவில் தனக்கென்று ஓர் எண் வாங்கிவிட்டது.

சங்கரன்கோவிலைப் பற்றிச் சொல்லாமல் 2019 பிரிவினையைச் சொல்ல முடியாது. அது தென்காசிக்கு இணையான பழைய வட்டத் தலைநகரம், கோட்டாட்சியர் அமரும் ஊர், ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் ஊர், விசைத்தறி ஊர். தென்காசியின் கீழ் வருவதைவிடச் சங்கரன்கோவிலையே தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற குரல் அங்கே எழுந்தது. எல்லைக்கு அப்பால் கோவில்பட்டியிலும் தனி மாவட்டக் கோரிக்கை நெடுநாளாக உண்டு. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கிடப்பது திருவேங்கடம். இவற்றில் எது என்றாவது மாவட்டமானாலும் இந்த வட்டத்தின் பெயர் பேச்சில் அடிபடாமல் இராது. பஸ் ஏறும் கணக்கில் பார்த்தால் சங்கரன்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். கோவில்பட்டியும் சிவகாசியும் அதைவிடச் சற்றே அதிகம். பருத்தியும் மிளகாயும் போகும் திசையும், தீப்பெட்டி வேலை வரும் திசையும், பெண் கொடுத்து எடுக்கும் திசையும் பெரும்பாலும் இந்த மூன்றுதான். தென்காசிக்கு ஆள் போவது ஆட்சியர் அலுவலகத்துக்கும் குற்றாலக் குளியலுக்கும். ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: திருநெல்வேலி இதைவிடப் பக்கத்தில் இருந்துவிடவில்லை. பழைய தலைநகரமும் தொலைவு, புதிய தலைநகரமும் தொலைவு. 2019 இந்த மூலைக்கு நல்லதும் செய்யவில்லை, கெடுதலும் செய்யவில்லை. பயணத்தின் திசையைத் தெற்கிலிருந்து தென்மேற்காகத் திருப்பியது.

புதிய கோட்டின் முதல் அதிர்வு உள்ளாட்சித் தேர்தலில் வந்தது. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவிருந்த நேரம். அப்போதுதான் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு மறுவரையறை முடியாமல் தேர்தல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. திருநெல்வேலி, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் நின்றது. 2021 அக்டோபரில்தான் நடந்தது. மாநிலத்தின் பிற மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்று ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. அதுவரை இங்கே தனி அலுவலர்களின் கையெழுத்தில் ஊராட்சி நடந்தது. வரைபடத்தில் ஒரு கோட்டை வரைவதற்கு ஆகும் விலையில் இதுவும் சேரும்.

இத்தகைய குழப்பம் இந்த நாட்டுக்கு மட்டும் உரியதா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்து பயனுள்ள ஒப்பீடு. அங்கே நூற்றாண்டுகளாக இருந்த கவுண்டிகளை 1975-ல் கலைத்துப் பெரிய மண்டலங்களையும் அவற்றின் கீழ் மாவட்டங்களையும் அமைத்தார்கள். இருபது ஆண்டில் அதுவும் கலைந்து, 1996 ஏப்ரல் 1 முதல் 32 மன்றப் பகுதிகள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டிலும் 2019-க்கு முன் மாவட்டங்கள் 32, இன்று 38. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதி 25,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். கிளாக்மனன்ஷயர் சுமார் 159 சதுர கிலோமீட்டர்தான். பழைய கவுண்டியான கிளாக்மனன் 1975-ல் பெரிய மண்டலத்துக்குள் கரைந்து, 1996-ல் மறுபடி தனி மன்றமாகத் தலையெடுத்தது. பழைய எல்லைகளுக்கு அங்கேயும் ஆயுள் கெட்டி. ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. 1996 ஏற்பாடு ஒற்றை அடுக்கு கொண்டது: பள்ளிக்கூடம், சாலை, குப்பை, வீட்டுவசதி எல்லாவற்றுக்கும் ஒரே மன்றம். மன்றத்தின் எல்லை மாறினால் இவையெல்லாம் ஒன்றாகவே மாறும். இங்கே வருவாய், ஊராட்சி, தேர்தல், அஞ்சல் என்று ஒவ்வொன்றும் தன் சொந்தக் கோட்டோடு வாழ்கிறது. ஒன்று நகரும்போது மற்றதற்குச் சொல்லிவிட்டு நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இளையரசனேந்தல் அதனால் விளைந்தது.

பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வது வேங்கட மலையை. அதே பெயரைத் தாங்கிய தெற்கத்தி ஊர் ஒன்று மூன்று மாவட்டங்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் போய் அமர்ந்திருக்கிறது. பெயர் வைத்தவர்கள் பெருமாளை நினைத்து வைத்தார்கள். எல்லை நடுபவர்கள் பின்னால் வந்தார்கள்.

திருவேங்கடம் வட்டமே புதியது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்துக்கு 11 வட்டங்கள். அந்தப் பட்டியலில் திருவேங்கடமும் இல்லை, கடையநல்லூரும் இல்லை. திருவேங்கடம் அப்போது சங்கரன்கோவில் வட்டத்தின் கணக்கில் இருந்தது. இன்று இந்த வட்டத்தைப் பற்றிக் கொடுக்கப்படும் மக்கள்தொகை எண்கள் எல்லாம், பழைய கிராமக் கணக்குகளைப் புதிய எல்லைக்குள் கூட்டிப்போட்டவை. கணக்கெடுப்புக்கு முன்பு நிர்வாக எல்லைகளை முடக்கி வைப்பது நடைமுறை. எண்ணும்போது கோடு நகரக் கூடாது. கணக்கெடுப்பின் அடுத்த சுற்றுக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக வைக்கப்பட்டுள்ளது. திருவேங்கடம் ஒரு வட்டமாகவும் தென்காசி ஒரு மாவட்டமாகவும் தலை எண்ணப்படுவது அதுதான் முதல் முறை.